அம்மாவுக்கு வந்தது பேதி அல்ல

படுக்கையோடு இருக்கும் வயதானவருக்குப் பல நாளாக வெளிக்குப் போகவில்லை. திடீரென்று ஒரு நாள் தண்ணீராகப் போகிறது. வீட்டில் இருப்பவர்களுக்கு முதலில் வருவது நிம்மதிதான். ‘அப்பாடா, வயிறு இளகிடுச்சு’ என்போம். நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால் பேதி என்று முடிவுகட்டி, அதை நிறுத்த மாத்திரை கேட்போம். உள்ளே மலம் கல்லாக இறுகி அடைத்துக்கொண்டிருக்கும்போதும் இப்படித்தான் போகும் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. மாத்திரை கொடுத்த மருந்துக்கடையிலும், ஃபோனில் கேட்டுவிட்டு அதையே தொடரச் சொன்ன டாக்டரிடமும் இந்தச் சந்தேகம் எழவில்லை. வீட்டில் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அதற்காகத்தான், அம்மாவிடம் சொல்லி, அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன்.

அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது. தஞ்சாவூர்ப் பக்கம் இருக்கிறோம். பல வருடமாகப் பார்கின்சன் நோய். கை நடுக்கம், நடை தயக்கம் எல்லாம் மாத்திரையில் ஓரளவு கட்டுக்குள் இருந்தன. பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்ததில் வலது பக்கம் செயற்கை மூட்டு வைத்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வரும்போது ஏற்கெனவே இருந்த மாத்திரைகளோடு வலிக்கு டிரமடால், எலும்புக்கு கால்சியம், ரத்தம் ஊற இரும்புச்சத்து என்று ஒரு பை நிறையக் கொடுத்துவிட்டார்கள். மலம் இளக ஒரு மருந்துகூட அந்தச் சீட்டில் இல்லை.

இந்தச் சீட்டைப் பின்னால் ஒரு டாக்டர் ஒவ்வொரு வரியாக விரலால் சுட்டிக் காட்டி விளக்கினார். டிரமடால் குடலின் அசைவை மந்தமாக்கும். இரும்பும் கால்சியமும் மலத்தை இறுக்கும். நடுக்கத்துக்குக் கொடுத்த ட்ரைஹெக்ஸிபெனிடில் குடலையும் சிறுநீர்ப்பையையும் சேர்த்தே தளர்த்தும், வயதானவர்களுக்குக் குழப்பத்தையும் கொண்டுவரும். பார்கின்சன் நோயே குடல் நரம்புகளைப் பாதிக்கிற நோய். பலருக்கு நடுக்கம் வருவதற்குப் பல வருடம் முன்னாலேயே மலச்சிக்கல் தொடங்கிவிடும். 1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்கின்சன் இந்த நோயை விவரித்து எழுதியபோதே, இவர்களுக்குக் குடல் மந்தமாக இருக்கும், சில நேரம் மலத்தை வெளியே எடுக்க வெளியிலிருந்து உதவி தேவைப்படும் என்று குறித்திருக்கிறார். இருநூறு வருடமாகத் தெரிந்த விஷயம் அது. இதற்கெல்லாம் மேல் அம்மா படுத்தே இருந்தார், அடிக்கடி பாத்ரூம் போக வேண்டுமே என்று தண்ணீரையும் குறைத்துக்கொண்டார். அடைத்துக்கொள்ளத் தேவையான அத்தனையும் சேர்ந்துவிட்டன.

ஒரு வாரத்துக்கு மேல் மோஷன் சரியாகப் போகவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் வாழைப்பழம் வாங்கி வந்தார்கள். பக்கத்து வீட்டு அத்தை, வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தொட்டு வைக்கச் சொன்னார். குழந்தைகளுக்குச் செய்யும் கைவைத்தியம் அது. அப்புறம் இசப்கோல். அதற்கப்புறம்தான் தண்ணீராகப் போக ஆரம்பித்தது. நாளுக்குப் பலமுறை டயப்பர் மாற்ற வேண்டியிருந்தது. பேதியை நிறுத்தும் லோபெரமைடு மாத்திரை கொடுத்தோம், உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்தோம்.

அந்தப் போக்கில் சில விஷயங்கள் வித்தியாசமாக இருந்தன. ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாகத்தான் போகும். டயப்பரில் பழுப்பு நிறத்தில் கசிந்திருக்கும், நாற்றம் தாங்க முடியாது. போகிற உணர்வே அம்மாவுக்கு இருக்காது. இவ்வளவு போயும் வயிறு வற்றவில்லை, மாறாக உப்பிக்கொண்டே வந்தது. சாப்பாட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பினார். சிறுநீர் சொட்டுச் சொட்டாக வந்தது. ராத்திரியில், செத்துப்போன பெரியப்பா வாசலில் நிற்கிறார், உள்ளே கூப்பிடு என்றார். பேதியோடு இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒரே கதையாக வராது. அடைப்பு என்று வைத்துப் பார்த்தால் எல்லாம் அதனதன் இடத்தில் பொருந்தும்.

பெருங்குடலின் வேலைகளில் ஒன்று, வரும் கழிவிலிருந்து தண்ணீரை உறிஞ்சுவது. மலம் அங்கேயே தங்கத் தங்க தண்ணீர் இழந்து இறுகுகிறது. மலக்குடலில் அது சேர்ந்து பெருகும்போது குடல் விரிந்துகொடுக்கிறது. நாளாக நாளாக, நிறைந்திருக்கிறது என்ற உணர்வே மரத்துப்போகிறது, ஆசனவாயின் உள் தசையும் தளர்ந்துவிடுகிறது. வாய்க்காலில் மதகு அடைத்துக்கொண்டால் ஓரத்து இடுக்கு வழியாகத் தண்ணீர் கசியும் அல்லவா, அதேபோல மேலே இருக்கும் திரவக் கழிவு கட்டியின் பக்கவாட்டில் வழிந்து வெளியே வருகிறது. இதற்கு லோபெரமைடு கொடுத்தால் ஏற்கெனவே சோம்பிய குடல் இன்னும் நின்றுபோகும். மலக்கட்டி முன்பக்கம் அழுத்துவதால் சிறுநீர் வழி நெரிபடும். வயிறு உப்பி, உடம்பில் நீர் வற்றி, உப்புகள் தாறுமாறாகும்போது வயதான மூளை குழம்பும்.

ஒரு நாள் காய்ச்சலும் சேர்ந்ததும் அவசரப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே இருந்த இளம் பெண் டாக்டர், எத்தனை தடவை போகிறது என்று கேட்கவில்லை. “கடைசியா கெட்டியா, வயிறு நிறைஞ்ச மாதிரி எப்பம்மா போனாங்க?” என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். ஆபரேஷனுக்கு முன்னால். அதைச் சொன்னதும் அவர் சிஸ்டரிடம் கிளவுஸும் ஜெல்லியும் கொண்டுவரச் சொன்னார்.

திரையை இழுத்துவிட்டார்கள். அம்மாவை இடது பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தார்கள். வழக்கமாக முழங்காலை நெஞ்சுப் பக்கம் மடக்கச் சொல்வார்கள். அம்மாவுக்கு இடுப்பு மூட்டு புதிது என்பதால் இரண்டு முழங்காலுக்கும் நடுவே தலையணை கொடுத்து, மடக்கவும் அதிகம் விடாமல் சிஸ்டர் பிடித்துக்கொண்டார். “பாட்டிம்மா, விரலை வச்சுப் பார்க்கப் போறேன், வலிச்சா சொல்லுங்க” என்று டாக்டர் காதருகே குனிந்து சொன்னார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. “ஃபுல்லா கல்லு மாதிரி இருக்கு” என்றார். இத்தனை நாளாக யாரும் செய்யாத பரிசோதனை அதுதான். அதற்குத் தேவைப்பட்டது ஒரு கையுறையும் கொஞ்சம் ஜெல்லியும்.

ஏன் யாரும் செய்யவில்லை என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். கூச்சம்தான் காரணம் என்று எனக்குப் படுகிறது. நோயாளிக்குக் கூச்சம், பக்கத்தில் நிற்கும் மகனுக்கோ மகளுக்கோ கூச்சம், அவர்கள் முகம் சுளிப்பார்களோ என்று டாக்டருக்கும் தயக்கம். வயிற்றை மேலாகத் தொட்டுப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதுவது எல்லோருக்கும் சுலபம். இப்போதெல்லாம் நானே முந்திக்கொண்டு, “உள்ளே விரல் வச்சுப் பார்த்துடுங்க டாக்டர், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை” என்று சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு வாக்கியம் சொன்னால் டாக்டரின் தயக்கமும் போய்விடுகிறது.

விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை என்றாலும் அடைப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது. கட்டி இன்னும் மேலே, இடுப்புக்குழியில் வளைந்து வரும் சிக்மாய்டு குடலில் உட்கார்ந்திருக்கலாம், அங்கே விரல் எட்டாது. அதற்குத்தான் வயிற்று எக்ஸ்ரே. சில நூறு ரூபாய்க்குள் முடிகிற விஷயம். அம்மாவின் எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டி டாக்டர் காட்டினார். இடது பக்கம் முழுக்கச் சாம்பல் நிறத் திட்டு, அதற்குள் பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளிகள். மலத்துக்குள் சிக்கிய காற்று அது.

அதோடு விட்டிருப்பார்கள். ஆனால் காய்ச்சல் இருந்தது, இடது கீழ் வயிற்றைத் தொட்டால் அம்மா கையைத் தட்டிவிட்டார், ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் கூடியிருந்தன. அதனால் சிடி ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார்கள். முதலில் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு, நரம்பில் மருந்து போட்டு எடுத்தார்கள். மலக்குடல் 9 சென்டிமீட்டர் அகலத்துக்கு விரிந்திருந்தது. குடல் சுவர் தடித்து, சுற்றியிருந்த கொழுப்பு கலங்கித் தெரிந்தது. சிறுநீர்க் குழாயை மலக்கட்டி அழுத்தியதால் இடது சிறுநீரகம் லேசாக வீங்கியிருந்தது. குடலுக்கு வெளியே காற்று இல்லை. ஸ்கேனில் முதலில் தேடியதே அந்தக் காற்றைத்தான் என்று சர்ஜன் சொன்னார். “இது கேன்சர் கட்டியா இருக்குமா டாக்டர்?” என்று கேட்டேன். நாள்பட்டு இறுகிய மலம் சில நேரம் கட்டியைப் போலவே ஏமாற்றும் என்றார். மலம் என்றால் உள்ளே காற்றுப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். நரம்பில் போட்ட மருந்தை அது ஏற்று ஒளிராது, ரத்த ஓட்டம் உள்ள சதைக் கட்டி ஒளிரும். அப்படியிருந்தும், எல்லாம் ஆறியபிறகு கொலனோஸ்கோபி (கேமரா உள்ள குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) செய்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றார், சில சமயம் குடலில் இருக்கும் புற்றுக்கட்டிதான் மலத்தைத் தடுத்து நிறுத்தியிருக்கும் என்பதால்.

காற்றைப் பற்றி அவர் சொன்னதை விரிவாகச் சொல்ல வேண்டும். இறுகிய கட்டி குடல் சுவரை உள்ளிருந்து அழுத்திக்கொண்டே இருக்கிறது. சுவரில் ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்களின் அழுத்தத்தைவிட இந்த அழுத்தம் கூடும்போது அந்த இடத்துக்கு ரத்தம் போவது நின்றுவிடுகிறது. படுத்தே இருப்பவர்களுக்கு முதுகில் படுக்கைப்புண் வருவதும் இதே காரணத்தால்தான். இங்கே புண் குடலுக்குள் வருகிறது. முதலில் அழற்சி, பிறகு புண், சிலருக்கு ரத்தக் கசிவு, கடைசியில் ஓட்டை. ஓட்டை விழுந்தால் மலம் வயிற்றுக்குள் கொட்டி, சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகிவிடும். சிக்மாய்டு குடலும் அது மலக்குடலோடு சேரும் இடமும்தான் இதில் அதிகம் மாட்டுகின்றன. வயதானவர்களுக்கும் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கும் ஓட்டை விழுந்தபிறகும் வலி பெரிதாகத் தெரியாமல் போகலாம். குழப்பம், வேகமான மூச்சு, இறங்கும் ரத்த அழுத்தம் என்றுதான் முதலில் வெளிப்படும்.

அடுத்த படுக்கையில் இருந்தவருக்கு அதுதான் நடந்திருந்தது. நடுத்தர வயது. மனநலத்துக்காக வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிடுகிறவர். அந்த வகை மாத்திரைகளில் சில, குறிப்பாக க்ளோசபைன், குடலைப் பலமாக மந்தப்படுத்தும். வயிற்றுவலி என்று அவர் சொன்னதை வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று அவர் தங்கை அழுதுகொண்டே சொன்னார். அழுகிய பகுதியை வெட்டியெடுத்து, குடலை வயிற்றின் வழியே வெளியே கொண்டுவந்து பை வைத்திருந்தார்கள். நோயாளி சொல்வதை அவருடைய நோயின் பெயரில் தள்ளிவைக்காதீர்கள் என்று அந்தத் தங்கை கேட்டுக்கொண்டதை இங்கே எழுதியே ஆக வேண்டும்.

அம்மாவுக்குக் கத்தி வைக்கவேண்டி வரவில்லை. ஊசி வழி ஆன்டிபயாட்டிக், சலைன், பொட்டாசியம் குறைந்திருந்ததால் அதையும் ஏற்றினார்கள். பொட்டாசியம் குறைந்தாலும் குடல் சோம்பும். சிறுநீர் டியூப் போட்டதும் 900 மில்லி வந்தது. ‘கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறதே’ என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தபோது இவ்வளவும் உள்ளே தேங்கியிருந்தது.

அடைப்பை எடுத்தது கையால்தான். மரத்துப்போகும் லிக்னோகைன் ஜெல்லியைத் தாராளமாகத் தடவி, கொஞ்ச நேரம் காத்திருந்து, ஒரு விரலால் கட்டியை நடுவில் உடைத்து, சிறு சிறு துண்டாகக் கொக்கிபோல் வளைத்து வெளியே எடுத்தார்கள். அம்மாவின் கைவிரலில் நாடித்துடிப்பு காட்டும் கிளிப் மாட்டியிருந்தது. மலக்குடலைச் சீண்டும்போது சிலருக்கு நாடி சட்டென்று இறங்கி மயக்கம் வரும் என்பதால் சிஸ்டர் அதிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. நடுவில் அம்மா போதும் என்றார், நிறுத்திவிட்டு மாலையில் தொடர்ந்தார்கள். ஒரே மூச்சில் எடுக்க அவசரப்படவில்லை. மேலே எஞ்சியதற்கு எண்ணெய் எனிமா. வழி திறந்தது உறுதியான பிறகுதான் வாய்வழியாகப் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மலமிளக்கி கொடுத்தார்கள். இந்த வரிசை முக்கியம். கீழே அடைத்திருக்கும்போது மேலிருந்து பலமான மலமிளக்கியைக் கொடுத்தால் அழுத்தம் கூடும், வாந்தி எடுத்து அது நுரையீரலுக்குள் போகவும் கூடும். விளக்கெண்ணெய்க்கும் இது பொருந்தும். இசப்கோலும் வாழைப்பழமும்கூட, தண்ணீர் இல்லாமல், அசையாத குடலில் போனால், அடைப்புக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் சரக்கைச் சேர்க்கும், அவ்வளவுதான்.

எனிமா பற்றியும் ஒரு எச்சரிக்கை. கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும் சோடியம் பாஸ்பேட் எனிமாவை, ‘ஒன்று வேலை செய்யவில்லை, இன்னொன்று வைப்போம்’ என்று வைத்துவிடுகிறார்கள். அது உள்ளேயே தங்கிவிட்டால் பாஸ்பேட் ரத்தத்தில் ஏறி, கால்சியம் இறங்கி, சிறுநீரகமும் இதயமும் பாதிக்கப்படலாம். இந்த வகை மருந்தை 24 மணி நேரத்தில் ஒன்றுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2014இல் எச்சரித்தது. 55 வயதைத் தாண்டியவர்களுக்கும், உடலில் நீர் வற்றியவர்களுக்கும், சிறுநீரகக் கோளாறோ குடல் அடைப்போ உள்ளவர்களுக்கும் ஆபத்து இன்னும் அதிகம் என்றும் சொன்னது. அம்மா இதில் கிட்டத்தட்ட எல்லா வகையிலும் அடங்குவார்.

வயிறு காலியானதும் சாப்பாடு இறங்கியது. குழப்பம் படிப்படியாகத் தெளிந்தது. பார்கின்சன் மாத்திரைகூட முன்பைவிட நன்றாக வேலை செய்தது, காலை விறைப்பு குறைந்தது. தைராய்டு, கால்சியம், சர்க்கரை எல்லாம் பார்த்தார்கள். தைராய்டு குறைந்தாலும் ரத்தத்தில் கால்சியம் கூடினாலும் மலம் இறுகும். சில வாரம் கழித்துச் செய்த கொலனோஸ்கோபியில் ஆறிவரும் புண் ஒன்று தெரிந்தது, கட்டி எதுவும் இல்லை.

இது ஒருமுறை வந்தால் திரும்ப வரும் என்று எடுத்தவுடனே சொல்லிவிட்டார்கள். விரிந்த மலக்குடல் பழைய நிலைக்குச் சுருங்க நாளாகும், உணர்வும் மெதுவாகத்தான் திரும்பும். அதனால் வீட்டில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். போனதா இல்லையா என்று மட்டும் எழுதினால் போதாது. எவ்வளவு, எந்தப் பதத்தில் என்பதையும் எழுதுகிறோம். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்துக்காரர்கள் உருவாக்கிய படம் ஒன்று உண்டு. புழுக்கை போன்ற உருண்டை 1, வெறும் தண்ணீர் 7. அந்த எண்ணைப் போட்டுவிடுவோம். சில நாள் எதுவுமே இல்லாமல் திடீரென்று 7 வந்தால் அது எங்கள் வீட்டில் பேதி இல்லை, டாக்டருக்கு ஃபோன் செய்ய வேண்டிய அறிகுறி. பார்த்துக்கொள்ள வரும் அக்காவுக்கும் இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

காலைச் சாப்பாடு முடிந்த கையோடு கமோடு நாற்காலியில் உட்கார வைக்கிறோம். வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் தானாக அசையும், அந்த நேரத்தை விடக் கூடாது. காலுக்கடியில் பலகை வைத்து முழங்காலை உயர்த்தினால் சுலபமாகப் போகும் என்பது பொதுவான யோசனை. அம்மாவுக்கு மூட்டு மாற்றியிருப்பதால் அது கூடாது, உயரமான கமோடுதான். இடுப்பு ஆபரேஷன் ஆனவர்கள் இதை எலும்பு டாக்டரிடம் கேட்டுக்கொள்ளவும். தண்ணீரைக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறோம். இதயக் கோளாறோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்கள் அளவை டாக்டரிடம் கேட்டுத்தான் கூட்ட வேண்டும். நார்ச்சத்தை மெல்ல மெல்லத்தான் சேர்த்தோம். டிரமடாலை நிறுத்தி பாரசிட்டமாலுக்கு மாற்றினார்கள். நரம்பியல் டாக்டர் ட்ரைஹெக்ஸிபெனிடிலைப் படிப்படியாகக் குறைத்தார். அதை நாமாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. டிரமடால், மார்பின் போன்ற வலி மாத்திரை எழுதும் அன்றைக்கே மலமிளக்கியும் எழுத வேண்டும் என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த விதி. சீட்டில் இல்லையென்றால் தயங்காமல் கேளுங்கள்.

கையால் எடுப்பதை வீடியோ பார்த்து வீட்டில் முயற்சி செய்யாதீர்கள். புண்ணாகியிருக்கும் சுவர் கிழிய நேரம் ஆகாது. முதுகுத்தண்டில் மேல்பகுதியில் அடிபட்டவர்களுக்கு மலக்குடல் நிறைந்தாலோ சீண்டப்பட்டாலோ ரத்த அழுத்தம் திடீரென்று ஆபத்தான அளவுக்கு எகிறும். அவர்களுக்குப் பயிற்சி பெற்றவர்கள்தான் செய்ய வேண்டும்.

சமீபத்தில் அம்மாவுக்கு மறுபடியும் கசிவு தொடங்கியது. நோட்டைப் பார்த்தோம், அதற்கு முந்தைய நாட்கள் காலியாக இருந்தன. அன்று மாலையே வீட்டுக்கு வந்து பார்க்கும் சிஸ்டரை வரவழைத்து, டாக்டரிடம் ஃபோனில் கேட்டு, விரல் வைத்துப் பார்த்தபோது கொஞ்சம் இறுகியிருந்தது, பெரிதாகவில்லை. ஆசனவாயில் வைக்கும் கிளிசரின் சப்போசிட்டரியிலேயே சரியாகிவிட்டது. அம்மா இப்போது வெட்கப்படுவதில்லை. காலையில் போகவில்லை என்றால் அவரே கூப்பிட்டு, “நோட்டுல எழுதிக்கோடி, இன்னிக்கு இல்ல” என்று சொல்லிவிடுகிறார்.